கோல் கம்பங்களுக்கு நடுவே ஒரு மூளை

பிரியானா ஸ்கரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மின்னியாபொலிஸ் நகரத்துக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்தாள். கால்பந்து ஆட ஆசை. பெண்களுக்கென்று அணி கிடைக்கவில்லை, அதனால் பையன்களின் அணியில் சேர்ந்தாள். ஒற்றைப் பெண்ணை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யோசித்த பயிற்சியாளர், அடிபடாமல் இருக்கட்டும் என்று கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். மைதானத்திலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்பது அவருடைய எண்ணம்.

அந்தச் சிறுமி பின்னாளில் அமெரிக்க தேசிய அணிக்காக 170க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் கோல் காத்தார். அவற்றில் 70க்கும் மேற்பட்டவற்றில் எதிரணிக்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. 1996இலும் 2004இலும் ஒலிம்பிக் தங்கம், 1999இல் உலகக் கோப்பை. 2010 ஏப்ரலில், பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட அதே இடத்தில் தலையில் ஒரு முழங்கால் மோதியது. அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்திலும் இறங்கவில்லை.

கோல்கீப்பர் என்றதும் நீண்ட கைகளும் பெரிய கையுறைகளும் அந்தரத்தில் பாயும் உடலும் கண்ணுக்கு வருகின்றன. ஆனால் ஆய்வுக்கூடங்களில் இந்த வேலையைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அதன் பெரும்பகுதியை மூளை முடித்துவிடுகிறது, கைகால்கள் கடைசியில்தான் வருகின்றன. அந்த மூளையைச் சுமக்கும் தலையோ, எதிராளிகளின் பூட்ஸும் முழங்காலும் ஓடிவரும் உயரத்துக்கே மீண்டும் மீண்டும் இறங்கவேண்டியிருக்கிறது. கோல்கீப்பரின் மூளையைக் கூர்தீட்டக் கால்பந்து உலகம் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட அதைக் காப்பாற்றக் காட்டவில்லை. ஸ்கரியின் விளையாட்டு வாழ்க்கையில் இந்த இரண்டுமே முழுதாகத் தெரிகின்றன.

1999 ஜூலை 10. கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஸ் பௌல் மைதானம். பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்க்க 90,185 பேர் கூடியிருந்தார்கள். அமெரிக்காவும் சீனாவும் 90 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. கூடுதல் 30 நிமிடத்திலும் இல்லை. பெனால்டி ஷூட்-அவுட். சீனாவின் முதல் இரண்டு உதைகளும் கோலாயின. மூன்றாவதை உதைக்க லியூ யிங் வந்தார்.

பெனால்டி புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர். பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அந்தத் தூரத்தை ஏறத்தாழ அரை நொடியில் கடந்துவிடும். கண்ணில் விழுந்த காட்சி பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போய், அங்கே அர்த்தம் பெற்று, முடிவாக மாறி, தண்டுவடம் வழியே கால் தசைகளுக்கு வந்து சேர ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எவ்வளவு பழகினாலும் இதை மிகவும் குறைக்க முடியாது. நரம்புகளில் சமிக்ஞை ஓடும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆக, பாய்வதற்கு மிச்சமிருப்பது 0.3 நொடி. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நடுவில் நிற்பவர் ஓரத்துக்குப் போக 3.66 மீட்டரை எட்டவேண்டும். நின்ற நிலையிலிருந்து உடலை உந்தி மூலைக்குக் கை நீட்ட அரை நொடிக்கு மேல் தேவைப்படும்.

கணக்கு உதைக்கிறது. பந்து கிளம்பியதைப் பார்த்த பிறகு புறப்படும் கோல்கீப்பரால் மூலைக்குப் போகும் நல்ல உதையைத் தடுக்கவே முடியாது. பெண்களுக்கு இது இன்னும் கடினம். 8 கஜ அகலமும் 8 அடி உயரமும் கொண்ட இந்தச் சட்டகத்தை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களின் ஆட்டத்துக்காக வகுத்தார்கள். அதே அளவுதான் இன்றும் இருபாலருக்கும். ஸ்கரியின் உயரம் சுமார் 1.75 மீட்டர். முன்னணி ஆண் கோல்கீப்பர்கள் பலர் 1.9 மீட்டரைத் தாண்டியவர்கள். பெண்கள் ஆட்டத்தில் கோல்கீப்பர்கள் பலவீனமானவர்கள் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

உயரத்தில் இல்லாததை நேரத்தில்தான் சம்பாதிக்கவேண்டும். பந்தைக் கால் தொடுவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று உதைப்பவரின் உடலிலிருந்து படித்துவிடவேண்டும்.

அப்படிப் படிக்க முடியுமா என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த ஹேர்ட் சாவெல்ஸ்பெர்க்கும் அவருடைய குழுவும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். தேர்ந்த கோல்கீப்பர்களுக்கும் புதியவர்களுக்கும் பெனால்டி உதைகளின் படக்காட்சியைத் திரையில் காட்டினார்கள். பந்து போகும் திசைக்கு ஒரு கைப்பிடியை நகர்த்தவேண்டும். அந்த நேரத்தில் அவர்களின் கண் எங்கெங்கே நிற்கிறது என்று ஒரு கருவி பதிவு செய்தது. புதியவர்களின் கண் உதைப்பவரின் உடற்பகுதி, கைகள், இடுப்பு என்று அலைந்தது. தேர்ந்தவர்களின் கண் குறைவான இடங்களில்தான் நின்றது, ஆனால் நின்ற இடத்தில் நீண்ட நேரம் நின்றது. உதைக்கும் கால், ஊன்றிய கால், பந்து இருக்கும் இடம். முடிவெடுக்கவும் அவர்கள் கடைசிவரை காத்திருந்தார்கள். ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ, உதைக்கும் கால் எந்தக் கோணத்தில் வீசி வருகிறதோ, அவற்றில் பந்தின் திசை பெரும்பாலும் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கூடுதலாகக் கிடைக்கிறது. அதுவே போதும்.

காத்திருப்பது சொல்வதற்கு எளிது. இஸ்ரேலிய ஆய்வாளர் மைக்கேல் பார்-எலியும் சக ஆய்வாளர்களும் 286 பெனால்டி உதைகளை அலசி 2007இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உதைகளில் 28.7 சதவீதம் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றது 6.3 சதவீத உதைகளுக்கு மட்டும். பாய்ந்து விழுந்து கோல் வாங்கினால் யாரும் குறை சொல்வதில்லை. சும்மா நின்று கோல் வாங்கினால் அரங்கமே ஏசும். இந்த உளவியல் அழுத்தம்தான் கோல்கீப்பர்களை முன்கூட்டியே ஒரு பக்கம் தள்ளுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு இந்த விளக்கம் சரியாகவே படுகிறது. எந்தத் தொழிலிலும் செய்து தோற்பதைவிடச் செய்யாமல் தோற்பது அதிகம் வலிக்கும்.

ரோஸ் பௌலுக்குத் திரும்புவோம். ஷூட்-அவுட்டில் உதைக்க வருகிறவர்களின் முகத்தை ஸ்கரி வழக்கமாகப் பார்ப்பதில்லை. லியூ யிங் நடுக்கோட்டிலிருந்து நடந்து வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அந்த நடையைப் பார்த்ததுமே இதைத் தடுக்கப்போகிறோம் என்று தோன்றியதாகப் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். லியூ உதைத்தார். ஸ்கரி தன் இடப்பக்கம் பாய்ந்தார். பந்து நீட்டிய கைகளில் பட்டு வெளியே போனது. மற்ற ஒன்பது உதைகளும் கோலாயின. பிராண்டி சாஸ்டெய்ன் இடக்காலால் அடித்த கடைசிக் கோலில் அமெரிக்கா 5–4 என்று வென்றது. அந்த வெற்றிக் கொண்டாட்டத்தின் படம் உலகத்துக்கே தெரியும். ஒரே வித்தியாசமாக அமைந்த அந்தத் தடுப்பு அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை.

ஸ்கரி உதைக்கு முன்பே கோட்டைவிட்டு முன்னே வந்துவிட்டார் என்ற சர்ச்சை உண்டு. படக்காட்சியில் அது தெரிகிறது, அவரும் மறுத்ததில்லை. அன்றைய விதிப்படி கோட்டின் மேல் பக்கவாட்டில் நகரலாம், முன்னே வரக்கூடாது. நடுவர் தடுக்கவில்லை. ஒரு மீட்டர் முன்னே வருவதில் என்ன லாபம்? பந்திலிருந்து 11 மீட்டரில் 7.32 மீட்டராக விரியும் அகலம் 10 மீட்டரில் 6.65 மீட்டராகச் சுருங்குகிறது. பக்கத்துக்கு 33 சென்டிமீட்டர் மிச்சம். பந்து 0.045 நொடி முன்னதாகவே வந்துவிடும் என்பது நஷ்டம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்பவருக்கு அது 18 சென்டிமீட்டர். கழித்தால் தோராயமாக 15 சென்டிமீட்டர் லாபம். பந்தின் விட்டமே 22 சென்டிமீட்டர்தான் என்னும்போது இது சாதாரண லாபமில்லை. இதனால்தான் அந்த விதியைப் பல தடவை திருத்தியிருக்கிறார்கள். 2019இல் வந்த திருத்தம், உதைக்கும் தருணத்தில் ஒரு பாதத்தின் பகுதியாவது கோட்டின் மேல் இருக்கவேண்டும் என்றது. அந்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பையில் காணொளி நடுவர்கள் இதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். புதுச் சட்டத்தின் முதல் சுமை பெண் கோல்கீப்பர்கள் தலையில்தான் விழுந்தது.

அதே இறுதி ஆட்டத்தில் நடந்த இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. 90 நிமிடம் முடியும் தறுவாயில் சீனாவுக்கு ஒரு கார்னர். பந்தைக் குத்தித் தள்ள ஸ்கரி எழும்பினார். அணியின் தூணாக இருந்த மிஷேல் ஏக்கர்ஸும் தலையால் முட்ட எழும்பினார். இருவரும் மோதினார்கள். தலையில் அடிபட்ட ஏக்கர்ஸ், களைப்பும் நீரிழப்பும் சேர்ந்துகொள்ள, நிலைகுலைந்து வெளியேறினார். கூடுதல் நேரத்தில் அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடினார். தலைக்காயம் அந்த மாபெரும் நாளிலேயே மைதானத்தில் இருந்தது.

தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஸ்கரியைச் சொல்கிறோம். ஆனால் அந்தத் தொழிலுக்கு ஒரு களம் அவருக்கு எத்தனை ஆண்டு கிடைத்தது? தேசிய அணியில் 1994இலேயே சேர்ந்துவிட்டார். அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் முழுத் தொழில்முறை லீக் 2001இல் தொடங்கி 2003இல் மூடப்பட்டது. அதில் அட்லாண்டா பீட் அணிக்கு ஆடினார். அடுத்த லீக் 2009இல் வந்தபோது அவருக்கு 37 வயது. வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில் சேர்ந்தார். அந்த லீகும் 2012இல் மறைந்தது. இடையில் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் முதல் கோல்கீப்பர் இடத்தை சிரி மல்லினிக்ஸிடம் இழந்தார். உடலைத் தேற்றிக்கொண்டு திரும்பிவந்து 2004 ஏதென்ஸில், தந்தையை இழந்த இரண்டே மாதத்தில், தங்கம் வென்றார். 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் முதல் கோல்கீப்பர் ஹோப் சோலோவை உட்காரவைத்துவிட்டு 36 வயது ஸ்கரியைப் பயிற்சியாளர் இறக்கினார். பிரேசில் 4–0 என்று வென்றது. உதையை முன்பே படிக்கும் முன்னுணர்வு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் புதுப்பித்துக்கொள்ளவேண்டிய திறமை. பல வாரங்களாகப் பெரிய ஆட்டம் ஆடாதவரை அரையிறுதியில் நிறுத்தியது அவருக்கும் செய்த அநியாயம்தான்.

கோல்கீப்பர்கள் முப்பதுகளின் பிற்பகுதிவரை நிலைப்பதற்கும் இதே முன்னுணர்வுதான் காரணம். எதிர்வினை வேகம் இருபதுகளின் நடுவிலேயே உச்சம் தொட்டு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான உதைகளைப் பார்த்துச் சேர்த்த அறிவு அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. முன்களத்தில் ஓடுபவருக்கு அந்த வசதி இல்லை, கால் தளர்ந்தால் ஆட்டமும் தளர்ந்துவிடும்.

2010 ஏப்ரலில் ஃபிலடெல்பியா அணிக்கு எதிரான ஆட்டம். தாழ்வாக வந்த பந்தை அள்ள ஸ்கரி குனிந்தார். கண் முழுவதும் பந்தில். பக்கவாட்டிலிருந்து அதே பந்துக்குப் பாய்ந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டின் வலப்பக்கம் மோதியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. இந்தக் காயத்தின் கடுமையைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம். அடி வருவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் தாமாகவே இறுகித் தலையை உடலோடு கட்டிப்போடும். மோதலின் விசை முழு உடலுக்கும் பகிரப்படும். தெரியாதபோது கழுத்து தளர்ந்திருக்கும், தலை மட்டும் தனியாகச் சுழன்றுவிடும்.

அந்தச் சுழற்சிதான் மூளைக்குப் பகை. மூளை மென்மையான, நீர் நிறைந்த திசு. அமுக்கினால் ஓரளவு தாங்கும், முறுக்கினால் தாங்காது. கெட்டித் தயிர் இருக்கும் பாத்திரத்தைச் சட்டென்று திருகினால் பாத்திரம் ஒரு பக்கம் போக, உள்ளே தயிர் பின்தங்கிப் பிளவுபடும். மண்டையோட்டுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. நரம்பணுக்களின் நீண்ட இழைகளான ஆக்சான்கள் இழுபடுகின்றன. அவற்றின் சவ்வுகளில் கசிவு ஏற்பட்டுப் பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. குளூட்டமேட் என்னும் வேதிப்பொருள் அளவுமீறிக் கொட்டுகிறது. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர அணுக்களின் பம்புகள் வெறித்தனமாக வேலை செய்கின்றன. அதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது. தேவை உயர்ந்து வரவு குறைந்த இந்த நெருக்கடியைத்தான் கன்கஷன் என்கிறோம். இதில் ரத்தக்கசிவு இருக்கவேண்டியதில்லை, நினைவு தப்பவேண்டிய அவசியமும் இல்லை. அதனால் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

ஸ்கரி எழுந்து நின்றார், தொடர்ந்து ஆடினார். பார்வை மங்கியிருந்தது. இடைவேளையில் தள்ளாடி வெளியே வந்தவரைப் பார்த்து அணியின் மருத்துவ உதவியாளர் நலம் கேட்டபோதுதான், நலமில்லை என்று சொன்னார். ஆட்ட அனுபவத்தின் சிகரத்தில் இருந்தவர் அடிபட்ட பிறகும் கோலில் நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. அந்த ஆற்றல் நெருக்கடியில் இருக்கும் மூளைக்கு இன்னொரு அடி விழுந்தால் சேதம் பல மடங்காகும்.

அடுத்த மூன்று ஆண்டுகள் நரகம். ஓயாத தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலை, மறதி, மனச்சோர்வு. தலை அசையும்போதும் பார்வை நிலையாக இருப்பதற்கு உட்காதிலிருந்து கண் தசைகளுக்குப் போகும் ஓர் அனிச்சைச் செயல் நமக்கெல்லாம் உண்டு. கோல்கீப்பரின் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. கன்கஷனில் முதலில் தடுமாறுபவற்றில் அதுவும் ஒன்று. வேலை செய்ய முடியாமல் பணமும் கரைந்தது. இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்தார். உயிரை விட்டுவிடலாம் என்றும் நினைத்ததைப் பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சிகிச்சைச் செலவை ஏற்கக் காப்பீட்டுத் தரப்பு தயங்கியது. படத்தில் தெரியாத காயத்தை நம்பவைக்க அவர் போராடவேண்டியிருந்தது.

செல்சி அணியின் கோல்கீப்பர் பெட்ர் செக்கை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். 2006 அக்டோபரில் அவர் தலையிலும் ஒரு முழங்கால்தான் மோதியது. மண்டையோடு உள்ளே அமுங்கி உடைந்தது, உடனே அறுவை சிகிச்சை. மூன்று மாதத்தில் தலைக்கவசம் அணிந்து மைதானத்துக்கு வந்துவிட்டார். அவர் காயம் உயிருக்கே ஆபத்தானது, சந்தேகமில்லை. ஆனால் எலும்பு முறிவு படத்தில் தெரிந்தது. தெரிந்த காயத்துக்குச் சிகிச்சையும் பணமும் அக்கறையும் வரிசையில் வந்தன. தெரியாத காயம் வைத்திருந்தவர் அடகுக்கடைக்குப் போனார்.

ஸ்கரியின் தலைவலிக்கு ஒரு பாதிக் காரணம் மூளைக்கு வெளியே இருந்தது. கழுத்தெலும்பின் இரண்டாம் கண்டத்தருகே கிளம்பி, பின்கழுத்துத் தசைகளைத் துளைத்துக்கொண்டு உச்சந்தலைவரை ஏறும் பிடரி நரம்பு ஒன்று உண்டு. தலை சடாரென்று வெட்டி இழுபடும்போது அதைச் சுற்றியுள்ள திசு வீங்கி நரம்பை நெரிக்கலாம். 2013 அக்டோபரில் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இவிட்சா டூசிச் என்ற அறுவை மருத்துவர் அந்த நரம்பை விடுவித்தார். வருடக்கணக்கில் இருந்த வலி அகன்றது. சமநிலை, நினைவு, கவனம் ஆகியவற்றுக்கான பயிற்சி அதன் பிறகும் நீண்டது. கன்கஷன் என்ற ஒற்றைப் பெயருக்குள் மூளை, கழுத்து, உட்காது, மனம் என்று பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்துத் தேடிய மருத்துவர் கிடைக்கும்வரை அவர் மூன்றரை ஆண்டு காத்திருக்கவேண்டியிருந்தது.

பெண் என்பதும் இதில் சேர்கிறது. ஒரே விளையாட்டை ஒரே விதிகளோடு ஆடும் இடங்களில் பெண்களிடம் கன்கஷன் கூடுதலாகப் பதிவாவதை அமெரிக்கப் பள்ளி, கல்லூரிக் கால்பந்தின் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டுகின்றன. கழுத்தின் வலிமை ஒரு காரணமாக இருக்கலாம், ஹார்மோன்கள் இன்னொன்று. வலியைப் பெண்கள் மறைக்காமல் சொல்வதும் எண்ணிக்கையைக் கூட்டலாம். 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித்தின் குழு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நரம்பணுக்களில் பெண் அணுக்களின் ஆக்சான்கள் மெல்லியவை, உள்ளே தாங்கி நிற்கும் நுண்குழல்கள் குறைவு, ஒரே அளவு இழுத்தாலும் அவை அதிகம் சேதமடைகின்றன என்று காட்டியது. இது தட்டில் வளர்த்த அணுக்களின் கதை. உயிருள்ள மூளையில் எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க விளையாட்டு வீராங்கனைகளின் மூளைகளே ஆய்வுக்கு வேண்டும். தலைக்காயத்தின் நீண்டகால விளைவைப் பற்றி நாம் படித்ததெல்லாம் பெரும்பாலும் இறந்த ஆண்களின் மூளைகளிலிருந்து கற்றது. ரோஸ் பௌலில் கடைசிக் கோல் அடித்த பிராண்டி சாஸ்டெய்ன், தன் இறப்புக்குப் பின் மூளையைப் பாஸ்டன் ஆய்வாளர்களுக்குத் தருவதாக 2016இல் அறிவித்தார். ஸ்கரி 2014இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் தன் காயத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். 2017இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் கோல்கீப்பரும் முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

விதிகளும் மெதுவாக அசைகின்றன. பத்து வயதுக்குட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டுவதை அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் தடை செய்தது. கன்கஷன் சந்தேகம் வந்தால் வழக்கமான மாற்று எண்ணிக்கையைத் தொடாமல் கூடுதலாக ஒருவரை இறக்கலாம் என்ற முறை 2021இல் சோதனையாகத் தொடங்கி 2024இல் ஆட்டச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆனால் அதைக் கடைப்பிடிப்பதா என்று தீர்மானிப்பது போட்டியை நடத்துபவர்களின் விருப்பம். கோல்கீப்பர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடும் ஆட்டக்காரரை மாற்றுவதுபோல் கோல்கீப்பரை மாற்ற எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. மாற்று கோல்கீப்பருக்குப் பெரிய ஆட்டங்கள் கிடைப்பதேயில்லை. சந்தேகம் வந்த மறுநிமிடமே வெளியே எடுக்கும் அதிகாரம் பயிற்சியாளரிடமோ அடிபட்டவரிடமோ இல்லாமல், அணியின் வெற்றி தோல்வியோடு தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் இருக்கவேண்டும். மாற்று கோல்கீப்பருக்கும் ஒழுங்காக ஆட்டங்கள் கொடுத்து வைத்திருக்கவேண்டும். இரண்டாவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை, எந்த அணியும் நாளைக்கே தொடங்கலாம்.